கீபோர்டு வாங்கும் முன் ஆசிரியரைக் கேளுங்கள்

ஜார்ஜ்டவுன் கடையில் கீபோர்டு பார்க்கும் பெற்றோர் பலர், "எத்தனை இசைக்கருவிகளின் ஒலி வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளை பயன்படுத்தப்போவது என்னவோ நாலைந்துதான்.

ஒரே கட்டையை மெல்லத் தட்டுங்கள், பிறகு அழுத்தித் தட்டுங்கள். ஒலி கூடிக் குறைந்தால் அதில் 'டச் ரெஸ்பான்ஸ்' உண்டு. இது இல்லாததில் பழகிய விரல் பின்னர் தடுமாறும். யமாஹா எஃப்52-இல் இது கிடையாது, இ373-இல் உண்டு. இரண்டிலும் 61 கட்டைகளே. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பஜனை, மெல்லிசைக்கு 61 போதும். பாடுபவரின் சுருதிக்கு மாற்ற 'டிரான்ஸ்போஸ்' கைகொடுக்கும். கர்நாடக இசையின் கமகத்துக்கோ ஒலியை வளைக்கும் சக்கரம் வேண்டும், இ473-இல் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம் பியானோ தேர்வு எழுதும் பிள்ளைக்கு, கட்டைகள் கனமாக அழுந்தும் 88 கட்டை டிஜிட்டல் பியானோதான் சரி. எது படிக்கப்போகிறது என்று ஆசிரியரிடம் கேட்காமல் சேமிப்பைக் கொட்டாதீர்கள்.

பழையது வாங்கினால், கட்டைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.