ஜீப்பைத் தின்னும் துரு

சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடைக்கானலின் மூடுபனி அழகு. இங்கேயே கிடக்கும் இரும்புக்கு அது எமன். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் ஊரில் மேகம் வாசற்படி வரை வரும். ஆனியிலும் நனைவோம், ஐப்பசியிலும் நனைவோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டைப் பூம்பாறையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுமந்து வருவது அதுதான். எங்கள் பள்ளிக் கட்டணத்தைச் சுமப்பதும் அதுதான். சென்ற மழைக்காலம் ஓய்ந்ததும், ஓட்டுநர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை நானும் அக்காவும் தூக்கிப் பார்த்தோம். ஓட்டை வழியே தரை தெரிந்தது! எஃப்.சி.க்கு ஒரு மாதமே இருந்தது.

மேலே கிடந்த தகரம் நன்றாயிருக்க, மூடிய இடம் மட்டும் ஏன் இற்றுப்போயிற்று? இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஆனால் இரும்பின் மேல் ஒரு துளி நீர் நின்றால், காற்று நன்றாகப் படும் ஓரம் தப்பித்துக்கொள்ளும். காற்று குறைந்த நடுப்பகுதிதான் கரையும். விரிப்பின் அடியிலும், சேறு அப்பிய மடிப்புகளிலும் நடப்பது இதுவே. மேலும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். ஆகவே பெயிண்டைக் கொப்புளம்போல் தூக்கிவிடும். முன்பு ஒரு பட்டறையில் துருவைச் சுரண்டாமலே பட்டி பூசித் தந்திருந்தார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டது. துரு உள்ளே வளர்ந்தது.

"இந்த முறையும் பட்டி வைத்து மறைத்துவிடலாமே" என்று அக்கா கேட்டாள். "சீட்டு போல்ட் பிடித்திருப்பது இந்தத் தகரத்தில்தானம்மா. கொண்டை ஊசி வளைவில் அது பிடுங்கிக்கொண்டால்?" என்றார் அப்பா. அதன்பின் நாங்கள் பேசவில்லை.

பொங்கல் விடுமுறையில் வேலை தொடங்கியது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகரம் 'ணங்' என்கிறது, இற்றது 'பொத்' என்கிறது. இற்றதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். ஜீப்பில் டீசல் டாங்க் சீட்டின் அடியிலேயே இருப்பதால், அப்பா அதைக் கழற்றி வெகுதூரம் வைத்தார், பாட்டரியையும் கழற்றினார். வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டியது வெல்டர் அண்ணன். மேலோட்டமான துரு எங்கள் பங்கு. கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தோம். இரண்டு நாள் கை வலித்தது!

குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் தடவினோம். அது துருவைக் கெட்டியான இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டெல்லி இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகள் நிற்பதற்கும் அதிலுள்ள பாஸ்பரஸ் உதவுகிறது என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

பெயிண்ட் அடிப்பதில்தான் மலை எங்களைச் சோதித்தது. காலையில் உறைபனி, மாலை நான்குக்கு மூடுபனி. குளிர்ந்த தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும்போது பூசினால், துருவை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகும். எனவே தகரம் கைக்கு வெதுவெதுப்பாகும் பதினொரு மணிக்குமேல் பிரைமரும், அது நன்றாகக் காய்ந்தபின் மறுநாள் பெயிண்டும் பூசினோம். அடைந்திருந்த வடிகால் துளைகளை ஆணியால் குத்தித் திறந்தோம்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ரப்பர் விரிப்பை மட்டும் அப்பா திரும்பப் போடவில்லை. அது இப்போது எங்கள் கோழிக்கூட்டின் கூரை.