வீட்டிலிருந்தே ஒரு தொழில்: விலை கூறுவது எவ்வாறு?

அலுவலகம் செல்லாது, வீட்டிலேயே கணினியின் முன் அமர்ந்து மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, கணக்கெழுதுதல் போன்ற பணிகளால் பொருளீட்டுவோர் இன்று நம் குடும்பங்களிலும் உளர். ‘ஃபிரீலான்ஸ்’ என வழங்கும் இத்தொழிலில் திறமை மிக்கோரும் விலை கூறத் தெரியாது தளர்ந்துபோவதை நாம் காண்கின்றோம்.

ஒரு பெண்ணுக்கு மாதம் 24,000 ரூபாய் தேவை எனக் கொள்வோம். 24 நாள்கள், நாளுக்கு 8 மணி என 192 மணி நேரம் உழைக்கலாம். ஆகவே மணிக்கு 125 ரூபாய் போதும் என்று அவள் எண்ணுவாள். ஆனால் வேலை தேடுதல், கடிதப் போக்குவரத்து, திருத்தங்கள் ஆகியவற்றில் பாதி நேரம் கழிந்துவிட்டால், கூலி தருவது எஞ்சிய 96 மணியே. அப்போது மணிக்கு 250 ரூபாய் கேட்டாக வேண்டும். மின்கட்டணமும் இணையக் கட்டணமும் இதற்கு மேல்.

இணையச் சந்தைகளின் கழிவும் உண்டு. 2010-இல் தொடங்கிய ஃபைவர், உழைப்பவரின் வருவாயில் நூற்றுக்கு 20 பிடித்துக்கொள்கிறது. 800 ரூபாய் கைக்கு வரவேண்டுமாயின் 1,000 கேட்க வேண்டும். 2015-இல் இப்பெயர் பெற்ற அப்வொர்க்கில் விண்ணப்பிப்பதற்கே ‘கனெக்ட்ஸ்’ செலவாகும். அவற்றை விலைக்கு வாங்கவும் நேரிடும். எனவே கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பிப்பது நட்டமே.

விலைப்புள்ளி எழுதுமுன் வாடிக்கையாளரின் தேவையை இருமுறை படித்தல் நன்று. செய்யப்போவது என்ன, முடிக்கும் நாள், விலை, எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பவற்றைச் சில வரிகளில் தெளிவுறுத்துக. அவ்வேலையை ஒத்த இரண்டு மாதிரிகளை இணைத்தால் போதும். பிறரினும் குறைத்துக் கேட்டே வேலை பெற முயல்வோர், அடுத்த முறை விலையை உயர்த்த இயலாது வருந்துவர். பணம் குறைவெனில் வேலையின் அளவைக் குறைக்கலாம். மணிக்கூலியைக் குறைத்தல் தகாது.

நேரடி வாடிக்கையாளரிடம் எழுத்து வடிவில் ஒப்புதலும் ஒரு பகுதி முன்பணமும் பெறுதல் வேண்டும். வேலை தருவதாகக் கூறி நம்மிடமே வைப்புத்தொகை கேட்பவர் ஏமாற்றுக்காரர் என்றறிக. உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அப்பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோர்க்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வேலை வாங்கியோர் அதனை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டியும் சேரும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வீட்டிலிருப்பதனால் மகளோ மகனோ வேலையற்றிருப்பதாக எண்ணி, கடைக்கும் ரேஷனுக்கும் நினைத்தபோதெல்லாம் அனுப்பாதீர்கள். அவர்கள் அமர்ந்திருக்கும் அந்த மூலையே அவர்தம் அலுவலகம். அங்கே கழியும் ஒவ்வொரு மணிக்கும் விலையுண்டு என்பதை முதலில் உணர வேண்டியவர்கள் வீட்டாராகிய நாமே.