ஊசி குத்த வைத்த யானை, பொம்மை ஆனது!

நடக்க முடியாத பெண் தைத்தது. உங்கள் வீட்டுக் குழந்தையும் தைக்கலாம்

ஊசி குத்தி வைப்பதற்காக ஒரு பெண் துணியில் யானை தைத்தார். அதில் ஊசியைக் குத்த விடாமல், குழந்தைகள் விளையாட எடுத்துக் கொண்டார்கள். உலகம் பூராவும் பெயர் வாங்கிய ஒரு பொம்மைக் கம்பெனி இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தப் பெண்ணின் பெயர் மார்கரெட் ஸ்டைஃப். ஊர், ஜெர்மனியில் உள்ள கீங்கன். 1847-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி பிறந்தார்.

ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம்! இரண்டு கால்களும் செயல் இழந்தன. வலது கையும் சரியாக வேலை செய்யவில்லை. வைத்தியம் பார்த்தும் பலன் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவரை வண்டியில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகள் இழுத்துக் கொண்டு போனார்கள்.

மெஷினைத் திருப்பிப் போட்டார்

அக்காமார் தையல் வேலை செய்தார்கள். மார்கரெட்டும் தையல் கற்கப் போனார். வலது கை வராதவர் ஊசி பிடிப்பது என்றால் சும்மாவா? ஆரம்பத்தில் ரொம்பவே திணறினார். ஆனாலும் விடவில்லை. 17 வயதில் பயிற்சியை முடித்து விட்டார்.

பிறகு தையல் மெஷின் வந்தது. அதில் ஒரு சிக்கல். கையால் சுற்றும் சக்கரம் வலது பக்கம் இருந்தது. மார்கரெட் என்ன செய்தார் தெரியுமா? மெஷினையே திருப்பிப் போட்டார். இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார்.

1877-ம் ஆண்டு சொந்தமாகத் துணிக்கடை போட்டார். அங்கே தைத்து விற்றதெல்லாம் ஃபெல்ட் துணி உடைகள்.

1879-ம் ஆண்டு கடைசியில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் குட்டி யானை மாதிரிப் படம் வந்திருந்தது. அதைப் பார்த்து ஃபெல்ட் துணியில் வெட்டி, உள்ளே ரோமத்தை அடைத்து, ஊசி குத்தி வைக்கும் மெத்தையாகத் தைத்தார். தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த வீட்டுக் குழந்தைகள் விட்டால்தானே!

1880-ல் விற்றவை வெறும் 8 யானைகள். 1886-ல் 5 ஆயிரத்தைத் தாண்டி விட்டது. அப்புறம் நாய், பூனை, குதிரை என்று வரிசையாக வந்தன. 1902-ல் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ரிச்சர்ட், கை கால் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். "டெடி" கரடி என்று உலகமே கொஞ்சுகிறதே, அந்தக் கரடிதான். 1907-ம் ஆண்டு ஒரே வருஷத்தில் 9 லட்சத்து 74 ஆயிரம் கரடிகள் தயாராயின.

போலிக்கு ஆப்பு

சரக்கு ஓடினால் போலி வராமல் இருக்குமா? கண்டவர்கள் எல்லாம் அதே மாதிரி பொம்மை செய்து தள்ளினார்கள். 1904-ல் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு பொம்மையின் இடது காதிலும் உலோகப் பொத்தான் அடித்தார்கள். "காதைக் காட்டு" என்றால் அசலா, நகலா என்று தெரிந்துவிடும். அந்தப் பொத்தான் இன்றும் இருக்கிறது.

மார்கரெட் 1909-ம் ஆண்டு மே 9-ந் தேதி காலமானார். கடைசி வரை சக்கர நாற்காலிதான்.

பிசிறு வராத துணி

அந்த முதல் யானையை இன்றைக்கும் வீட்டில் தைக்கலாம். மெஷின் வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும்.

காரணம் ஃபெல்ட் துணிதான். இது நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தை ஈரமாக்கி, சூடு காட்டி, அழுத்தித் தேய்த்தால் ரோமம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கொள்ளும். அதுதான் ஃபெல்ட். பாவு, ஊடை இல்லாததால் எங்கே வெட்டினாலும் நூல் பிரிந்து பிசிறு வராது. ஓரம் மடித்துத் தைக்கும் தொல்லை இல்லை. உள்பக்கமாகத் தைத்துப் புரட்ட வேண்டியதும் இல்லை. இப்போது செயற்கை இழையிலும் ஃபெல்ட் வருகிறது. பிள்ளைகள் பழக அது போதும்.

முதலில் காகிதத்தில் யானையைப் பக்கவாட்டில் வரையுங்கள். உள்ளங்கை அளவு போதும். தும்பிக்கை, கால்களைக் குண்டாகவே வரைய வேண்டும். ஒல்லியாக இருந்தால் பஞ்சு உள்ளே போகாது. அங்கேதான் பிள்ளைகளுக்கு அலுத்துப் போகும்.

அந்தக் காகிதத்தை வைத்து இரண்டு துண்டு வெட்டுங்கள். காது இரண்டு, வால் ஒன்று தனி. காதையும் கண்ணையும் முதலிலேயே தைத்துவிட வேண்டும். பஞ்சு அடைத்த பிறகு தைக்கப் போனால் ஊசி எங்கே வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

பிறகு இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, வாலை நடுவில் செருகி, ஓரமாகத் தைக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைக்கு ஊசியை மேலும் கீழும் விட்டு ஓட்டும் தையல் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், கம்பளியின் விளிம்பில் போடுகிற பிளாங்கெட் தையல் அழகாக இருக்கும். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் சிக்கு விழும், பிள்ளை அழும்.

வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, இலவம் பஞ்சை அடைக்கலாம். தும்பிக்கைக்கு முதல் மரியாதை! சின்னச் சின்ன உருண்டையாக, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தள்ள வேண்டும். பிறகு வாயைத் தைத்து முடிச்சுப் போட்டால் யானை தயார்.

தையல் கோணலாகத்தான் வரும். வரட்டும். பெரியவர்கள் பிரித்துத் தைத்துக் கொடுத்தால், அப்புறம் அது பிள்ளை தைத்த யானை ஆகாது.

கண்ணில்தான் ஆபத்து

ஒரு எச்சரிக்கை. யானைக்குப் பொத்தான் கண் வைத்தால் பார்க்க ஜோராக இருக்கும். வீட்டில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அந்த ஆசையே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் மூச்சுக் குழாயில் சிக்கிக் கொள்ளும். உயிருக்கே உலை வைத்து விடும். கறுப்பு நூலில் நாலு தையல் போட்டால் அதுவும் கண்தான்.

நம் நாட்டில் கடைப் பொம்மைக்கு 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுப் பொம்மையைச் சோதிக்க எந்த அதிகாரி வருவார்? தைத்து முடித்ததும் காது, வால் எல்லாவற்றையும் அம்மாவோ அப்பாவோ பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஊசி விஷயத்திலும் அசட்டை கூடாது. 5, 6 வயசுப் பிள்ளைக்கு முனை மழுங்கிய, காது பெரிய ஊசி கொடுக்கலாம். அது துணியில் இறங்காவிட்டால் பெரியவர்கள் முன்கூட்டியே துளை போட்டுக் கொடுக்க வேண்டும். உட்காரும்போது ஊசியை எண்ணிக் கொடுங்கள். பாயைச் சுருட்டுவதற்கு முன் எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும், யானையின் வயிற்றை அமுக்கிப் பார்த்த பிறகே அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.