டேங்கில் துளை இல்லையா? பவளத் தொட்டிக்கு ரெஃபியூஜியம் வைக்க 3 வழிகள்!

மாண்டரின் மீனை ஒருமுறை நேரில் பார்த்தால் போதும், வீட்டுக்குக் கொண்டுவரத் தோணும். நீலத்தின் மேல் ஆரஞ்சு கோடுகள் ஓடும் அப்படியொரு அழகு. ஆனால், வந்த சில வாரங்களிலேயே அதன் வயிறு ஒட்டிப்போக ஆரம்பிக்கும். நீங்கள் போடும் தீனியைப் பெரும்பாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. பாறை இடுக்குகளில் ஊரும், கடுகைவிடச் சிறிய கோபிபாட் என்ற உயிரிகளைத்தான் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும். அவை தீர்ந்துவிட்டால், தீனி மிதக்கிற டேங்கிலேயே மீன் பட்டினியால் சாகும்.

இதற்குக் கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்கள் சொல்லும் பதில், ரெஃபியூஜியம். ''அதுக்கு டேங்குல ஓட்டை போடணுமாமே... என் டேங்க்ல ஓட்டையே இல்லையே?'' என்கிறீர்களா? ஓட்டை இல்லாமலும் வைக்கலாம். ஆனால், கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் யோசித்துவிட்டு வைக்கணும்!

ரெஃபியூஜியம்னா என்ன?

அடைக்கலம் என்று அர்த்தம். மெயின் டேங்க்கின் தண்ணீரே சுற்றி வரும், ஆனால் மீன்கள் நுழைய முடியாத ஒரு தனி அறை. அதில் கீட்டோமார்ஃபா என்ற பாசியைப் போட்டு, மேலே ஒரு லைட் வைப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மாதிரி சுருண்டு கிடக்கும் இந்தப் பாசிக்குச் செல்லப்பெயர் 'கீட்டோ'.

இதில் இரண்டு லாபம். ஒன்று, மீன் தொல்லை இல்லாமல் கோபிபாட்கள் இங்கே பெருகி, தண்ணீரோடு மெயின் டேங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு, தண்ணீர் சுத்தமாகும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் டேங்கிலேயே சேர்ந்துகொண்டு போகும். கீட்டோ அதையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். வளர்ந்த பாசியை நீங்கள் அள்ளி எடுக்கும்போது அந்தச் சத்தும் வெளியே போகிறது. அள்ளாமல் விட்டால் பாதிப் பயன்தான்.

துளை எதுக்கு?

வழக்கமாக டேங்க் கண்ணாடியில் துளை போட்டு, வழியும் தண்ணீரைக் கீழே இருக்கும் சம்ப் தொட்டிக்கு இறக்குவார்கள். அந்த சம்ப்பில் ஒரு தடுப்புதான் ரெஃபியூஜியம். ரெடிமேடாக வாங்கிய பல டேங்க்குகளில் இந்தத் துளை இருக்காது. தண்ணீரும் பவளமும் நிறைந்த டேங்கில் இனிமேல் போடவும் முடியாது. டெம்பர்டு கண்ணாடியாக இருந்தால் டிரில் பட்டதுமே மொத்தமும் நொறுங்கிவிடும். ஸோ, மீதி இருப்பது மூன்று வழிகள்.

1. பின்னால் தொங்கும் பெட்டி

டேங்க்கின் பின்பக்க விளிம்பில் மாட்டும் அக்ரிலிக் பெட்டி. சின்ன பம்ப் தண்ணீரை அதற்குள் தள்ளும். நிறைந்ததும் அதுவே வழிந்து டேங்குக்குத் திரும்பும். கரன்ட் போனால் பம்ப் நிற்கும், வழிவதும் நிற்கும். தரையில் ஒரு சொட்டு விழாது. பம்ப் குழாயின் வாய் பெட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லையென்றால் பெட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கும்.

ஆபத்து ஒன்றுதான். பாசி வளர்ந்து வழியும் வாயை அடைத்துக்கொண்டால், பெட்டி நிரம்பி வெளியே கொட்டும். அந்த வாயில் ஒரு சல்லடைத் தடுப்பு வைத்து, வாரம் ஒருமுறை சுத்தம் பண்ணுங்க.

2. டேங்குக்கு மேலே ஒரு தொட்டி

இதுவும் அதே லாஜிக். தனி ஸ்டாண்டில், டேங்க்கைவிட உயரத்தில் ஒரு சின்னத் தொட்டி. பம்ப் ஏற்றும், தண்ணீர் தானாக இறங்கும். தொங்கும் பெட்டியைவிட அதிக இடம் கிடைக்கும். ஸ்டாண்ட் மட்டும் உறுதியாக இருக்கணும். 20 லிட்டர் தண்ணீரே 20 கிலோ எடை.

3. ஓவர்ஃப்ளோ பாக்ஸ்

கீழே சம்ப் வேண்டும் என்பவர்களுக்கு இது. விளிம்பில் மாட்டும் பெட்டியும், விளிம்பைத் தாண்டி வளையும் குழாயும் சேர்ந்து, சைஃபன் முறையில் தண்ணீரைக் கீழே இறக்கும். கீழிருந்து பம்ப் மேலே ஏற்றும். இடம் தாராளம், ஆனால் ரிஸ்க்கும் அதிகம். வளைவில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்தால் சைஃபன் அறுந்துபோகும். அது பம்ப்புக்குத் தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பி ஹாலில் உப்புத்தண்ணீர்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம் உள்ள டேங்கில் 1 செ.மீ உயரத் தண்ணீர் என்றால் 5.4 லிட்டர். மேலே 3 செ.மீ காலி இருந்தால் சுமார் 16 லிட்டர்தான் தாங்கும். எனவே சம்ப்பில் பம்ப் இழுக்கக்கூடிய தண்ணீர் 16 லிட்டருக்குள் இருக்கணும். அப்போது சைஃபன் அறுந்தாலும் டேங்க் வழியாது.

கரன்ட் போனால் கதை நேர்மாறு. மேலேற்றும் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே திரும்பும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ கீழே இருந்தால், சுமார் 11 லிட்டர் இறங்கும். அந்த அளவுக்கு சம்ப்பில் காலியிடம் வேண்டும்.

முதல்முறை வைக்கிறீர்கள் என்றால், முதல் இரண்டு வழிகளில் ஒன்றே போதும்.

ஆரம்பிக்கும்போது...

* புதுத் தொட்டியில் ஊற்றும் தண்ணீரின் உப்பு அளவும் வெப்பமும் மெயின் டேங்க் மாதிரியே இருக்கட்டும்.
* ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக உப்பு கலக்காத ஆர்.ஓ தண்ணீரை ஊற்றுங்க. உப்பு ஆவியாகாது.
* மெயின் லைட் அணைந்த பிறகு ரெஃபியூஜியம் லைட் எரியட்டும். பாசி இரவில் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொள்வதால், ராத்திரியில் பி.ஹெச் இறங்குவது குறையும்.
* பிளக்குக்குப் போகும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.
* நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. அரைமணி நேரம் கழித்து மறுபடி மாட்டுங்க. தரை காய்ந்திருந்தால்தான் பாஸ்!

மாண்டரின் வாங்க அவசரம் வேண்டாம். கோபிபாட்கள் பெருகப் பல மாதங்கள் ஆகும். ராத்திரியில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்வது தெரியணும். சின்ன டேங்க் என்றால், ரெஃபியூஜியம் இருந்தாலும் அந்த மீன் வேண்டாமே.

அள்ளிய பாசியை எங்கே போடுவது?

கடலிலோ, சாக்கடையிலோ வேண்டவே வேண்டாம். 1984-ல் மொனாக்கோ கடலில் சின்னத் திட்டாகத் தெரிந்த காலெர்ப்பா என்ற அக்வாரியப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் பெரிய அளவில் பரவியது. 2000-ல் அதே பாசி கலிஃபோர்னியாவில் தென்பட, முழுதாக ஒழிக்க 2006 வரை ஆனது. நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருக்கிறது. அள்ளிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குப்பையில் போடுங்கள்.

அதேபோல, ராமேஸ்வரம் போன இடத்தில் கிடைத்தது என்று பவளக்கல்லை எடுத்துவராதீர்கள். பாறைப் பவளங்கள் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பது குற்றம். வீட்டுத் தொட்டியின் அழகுக்குக் கடல் விலை கொடுக்க வேண்டாமே!