ஆவணமா, அட்டவணையா? ஒரு கடை நடத்திய தரவுத்தளப் பாடம்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். தரவுத்தளப் பாடம் வந்தால் அட்டவணை, புலம், பதிவு, முதன்மைத் திறவுகோல் என்று கரும்பலகையில் கட்டம் போட்டே பழகிவிட்டேன். அட்டவணை இல்லாத தரவுத்தளங்களும் உண்டு என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். அப்படிப் போனதன் பலனை என் முன்னாள் மாணவி ஒருவர் அனுபவிக்க நேர்ந்தது.

அவர் தம் அப்பாவின் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடையைக் கவனித்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து, “சார், கடைச் சரக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எதுல ஏத்துறது?” என்று கேட்டார். “இப்ப எல்லாரும் ஆவணத் தரவுத்தளத்துக்குப் போறாங்கம்மா. கட்டம் போடுற தொல்லை இல்லை. அதையே எடுத்துக்கோ” என்றேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. நானும் அந்தக் கடையில் என்ன விற்கிறது என்றுகூட விசாரிக்கவில்லை.

ஓராண்டு கழித்துச் சரக்கு இருப்பைக் கணக்கெடுத்தபோது, கணினி காட்டிய மொத்த மதிப்பு பழைய பேரேட்டில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அவருடைய அப்பாவின் சந்தேகம் கல்லாவில் நின்ற பையன்மேல் விழுந்தது. அவனும் நம் பள்ளியில் படித்தவன்தான். மாணவி கண்கலங்கி வந்து நின்ற பிறகே அந்தத் தரவை நான் திறந்து பார்த்தேன்.

ஆவணத் தரவுத்தளம் என்றால் என்ன?

நம் பள்ளியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் எல்லா மாணவருக்கும் ஒரே கட்டங்கள்தான். கட்டம் இல்லாத செய்தியை அதில் எழுத முடியாது. இதுதான் அட்டவணை. 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியும், நாம் நடத்தும் எஸ்.க்யூ.எல். மொழியும் இந்த வழியைச் சேர்ந்தவை.

ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கோப்பு வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கோப்பில் விளையாட்டுச் சான்றிதழ் இருக்கும். இன்னொருவர் கோப்பில் மருத்துவக் குறிப்பு இருக்கும். எல்லாக் கோப்பிலும் எல்லாமும் இருக்க வேண்டியதில்லை. இதுதான் ஆவண முறை. பெரும்பாலும் ஜேசான் வடிவில், புலத்தின் பெயரும் மதிப்பும் சேர்ந்தே ஒவ்வோர் ஆவணத்திலும் எழுதப்படும்.

உதிரிபாகக் கடைக்கு இந்த முறை பொருத்தமாகவே தோன்றும். கெப்பாசிட்டருக்கு மைக்ரோஃபாரட் வேண்டும்; கேபிளுக்குச் சதுர மில்லிமீட்டரும் எத்தனை கோர் என்பதும் வேண்டும்; ஃபுட் வால்வுக்கு அங்குலம் வேண்டும்; பேரிங்கிற்கு எண் வேண்டும். இவை அத்தனைக்கும் ஒரே அட்டவணை போட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

தவறு வேறோர் இடத்தில் நடந்திருந்தது. மூன்று பேர் மூன்று விதமாகத் தரவை ஏற்றியிருந்தார்கள். சில ஆவணங்களில் ‘விலை’, சிலவற்றில் ‘ரேட்’, இன்னும் சிலவற்றில் ‘எம்.ஆர்.பி.’ என்று இருந்தது. சில விலைகள் எண்ணாக இல்லாமல் “450 ரூ.” என்று எழுத்தாகவே பதிந்திருந்தன. ‘விலை’ என்ற புலத்தை மட்டும் கூட்டிய நிரல், மற்றப் பெயர்களில் இருந்ததையும் எழுத்தாக இருந்ததையும் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் விட்டுவிட்டது. சரக்கு எங்கும் போகவில்லை. கூட்டலில்தான் வரவில்லை.

கட்டம் இல்லாததால் எழுதும்போது வேலை குறைந்தது. அந்த வேலை அப்படியே கணக்குப் பார்ப்பவர் தலைக்குப் போய்விட்டது. ஆவணத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நான் அவரிடம் சொல்லாமல் விட்டதும் இதைத்தான்.

நான்கு வழிகள்

இந்த முறை இருவரும் உட்கார்ந்து நான்கு வழிகளை ஒப்பிட்டோம்.

*மாங்கோடிபி:* 2009இல் வெளிவந்தது. ஆவணத் தரவுத்தளங்களில் மிகவும் பரவலானது. ஓர் ஆவணம் 16 மெகாபைட் வரை இருக்கலாம். பல ஆவணங்களை ஒன்றாக மாற்றும்போது ‘எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது’ என்ற உறுதி 2018இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. எந்தப் புலம் கட்டாயம், எது எண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைக்கவும் முடியும். ஆனால் அந்த விதியை நாம்தான் எழுத வேண்டும். அதே 2018இல் இதன் உரிமம் மாறியது. சொந்தக் கடையில் பயன்படுத்துவோருக்கு அதனால் சிக்கல் இல்லை. இதையே ஒரு சேவையாகப் பிறருக்கு விற்பவர்களுக்குத்தான் நிபந்தனைகள் கடுமை.

*கௌச்டிபி:* அப்பாச்சி அறக்கட்டளையின் திறந்த மூல மென்பொருள். இதன் பலம் ஒத்திசைவு. இணையம் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பதிந்து வைத்துவிட்டு, சிக்னல் கிடைத்ததும் மையக் கணினியோடு சேர்த்துக்கொள்ளலாம். உலாவிக்குள் இயங்கும் பௌச்டிபி இதற்குத் துணை செய்கிறது. ஒரே ஆவணத்தை இருவர் இரு இடங்களில் மாற்றிவிட்டால் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் முன்னால் காட்டும். எது சரி என்று முடிவு செய்வது நம் பொறுப்பு.

*ஃபயர்ஸ்டோர்:* கூகுள் நிறுவனத்தின் மேகச் சேவை. சொந்தமாகச் சர்வர் வைத்துப் பராமரிக்க வேண்டாம். ஓர் ஆவணம் ஏறத்தாழ ஒரு மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். தினசரி இலவச அளவுக்கு மேல் போனால், எத்தனை ஆவணங்களைப் படித்தோம், எழுதினோம், நீக்கினோம் என்று எண்ணிக் கட்டணம் வரும். பத்தாயிரம் பொருட்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுவதுமாக வரவழைக்கும்படி நிரல் எழுதினால், ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் வாசிப்புக்குக் கணக்கு ஏறும்.

*போஸ்ட்கிரெஸ்க்யூஎல்:* இது அடிப்படையில் நாம் பாடம் நடத்தும் உறவுநிலைத் தரவுத்தளம், திறந்த மூலம். 2014இல் வந்த 9.4 பதிப்பு முதல் ஜேசான்-பி என்ற தரவு வகை இதில் இருக்கிறது. பொருள் எண், விலை, இருப்பு ஆகியவற்றைக் கட்டாயக் கட்டங்களாக வைத்துக்கொண்டு, பொருளுக்குப் பொருள் மாறும் தன்மைகளை மட்டும் ஒரே புலத்தில் ஆவணமாக வைக்கலாம். அந்த ஆவணத்துக்குள்ளும் தேடலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

“எது சிறந்தது?” என்று கேட்பதைவிடக் கடையைப் பற்றிக் கேட்பது பயன் தந்தது. தினமும் இந்தத் தரவிடம் என்ன கேட்கப் போகிறோம்? எது மாறும், எது மாறக் கூடாது? இணையம் அறுந்தால் வேலை நிற்குமா? கூட்டல் தப்பினால் யாருக்குப் பாதிப்பு? பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

அவர் கடையில் பொருளின் தன்மைகள் மாறும். விலை, இருப்பு, ஜி.எஸ்.டி. பில் ஆகியவற்றின் அமைப்பு மாறக் கூடாது. ஆகவே போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போதும் என்று முடிவு செய்தார். அவருடைய ஆட்கள் சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போய் ஆர்டர் எடுப்பவர்களாக இருந்திருந்தால் கௌச்டிபி முன்னால் வந்திருக்கும். நாளுக்கு நாள் வடிவம் மாறும் பெரிய பட்டியலாக இருந்து, விதி எழுத ஆளும் இருந்திருந்தால் மாங்கோடிபியே பொருந்தியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, பூட்டு. 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். மற்றொன்று, காப்பு நகல். இரண்டு கணினிகளில் ஒரே தரவு ஓடுவது மட்டும் காப்பு நகல் ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றொன்றிலும் அழியும். தனியே எடுத்து வைத்த நகலை, திரும்ப ஏற்ற முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில்

இப்போது இந்தப் பாடத்தை ஒரு செயல்பாட்டோடு தொடங்குகிறேன். இதற்குக் கணினி தேவையில்லை. எட்டாம் வகுப்பிலும் செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுச் சீட்டில் தம் வீட்டருகே உள்ள கடையின் ஒரு பொருளைப் பற்றி விருப்பம்போல் எழுதுவார்கள். சீட்டுகளைக் கலந்து ஒரு குழுவிடம் கொடுத்து, “மொத்த விலை என்ன?” என்று கேட்பேன். விலை எழுதாத சீட்டு, ‘அரை டஜன் 60’ என்று எழுதிய சீட்டு, ரூபாயா பைசாவா என்று புரியாத சீட்டு எல்லாம் வரும். பிறகு எந்தச் செய்தி எல்லாச் சீட்டிலும் இருந்தே தீர வேண்டும், எதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். கட்டம் எதற்கு என்பதும், எங்கே அது வேண்டாம் என்பதும் ஒரே பாடவேளையில் விளங்கிவிடுகிறது.

அந்தக் கடையில் புலப் பெயர்களை ஒன்றாக்கி, எழுத்தாக இருந்த விலைகளை எண்ணாக மாற்றிக் கூட்டியபோது கணக்கு பேரேட்டோடு ஒத்துப்போனது. மாணவியின் அப்பா கல்லாவில் நின்ற பையனைக் கூப்பிட்டு, “மனசுல வச்சுக்காதப்பா” என்றார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். நானும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கடை அடைக்கும் நேரம்வரை காத்திருந்து சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.