பன்னோக்கு விளையாட்டரங்கம்: காரியவட்டம் தரும் பாடம்

பெரும் போட்டிக்கென எழுப்பப்படும் அரங்கம், போட்டி முடிந்த பின் எவ்வாறு பயன்படும் என்பதே திட்டமிடுவோர் முதலில் எண்ண வேண்டிய வினாவாகும்.

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் 36 ஏக்கர் குத்தகை நிலத்தில் அமைந்துள்ள கிரீன்ஃபீல்டு அரங்கம், 2015ஆம் ஆண்டின் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. தனியார் நிறுவனம் வடிவமைத்து, கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்திய பின் ஒப்படைப்பது. அரசு ஆண்டுதோறும் தவணைத் தொகை வழங்குவது என்பது ஏற்பாடு. இதனால் கட்டுமானச் செலவு ஒரே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் விழுவதில்லை. ஆயினும் சுமை மறைவதில்லை. வரும் ஆண்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. அந்த ஆண்டுகளில் அரங்கம் பயன்படாவிடில் மக்கள் பணம் வீணாகும்.

ஆகவே, ஒரே ஆட்டத்தை நம்பியிருத்தல் இயலாது. 2016 ஜனவரி 3 அன்று இங்கு நடந்த தெற்காசியக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என வென்றது. 2017 நவம்பர் 7 அன்று முதல் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆட்டம் நடைபெற்றது. மழையால் அது அணிக்கு 8 ஓவர்களாகச் சுருங்கியது. இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் இருக்கைகளைப் போலவே வடிகாலும் இன்றியமையாதது.

கிரிக்கெட்டுக்கு நடுவே இறுகிய மண் ஆடுகளம் வேண்டும். கால்பந்துக்குச் சீரான புல்தரை வேண்டும். இவ்விரண்டையும் இணக்கப்படுத்த முறையான கால அட்டவணையும் இடைவிடாப் பராமரிப்பும் தேவை.

பன்னாட்டு ஆட்டங்கள் ஆண்டில் சில நாட்களே. எஞ்சிய நாட்களில் பல்கலைக்கழக மாணவரும், பொன்முடி அடிவாரத்து வித்துரா போன்ற ஊர்களின் இளைஞரும் எளிய கட்டணத்தில் பயிற்சி பெறும்போதே பன்னோக்கு என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.