சூப் வரிசையில் பிறந்த சம்பளச் சட்டம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தேவாலயங்கள் பல காலமாக ஏழைகளுக்கு இலவச உணவு கொடுத்து வந்தன. 1990களின் தொடக்கத்தில் அந்த வரிசையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வேலை கிடைக்காதவர்களோடு, வேலை முடித்துவிட்டு நேராக வந்து நின்றவர்களும் இருந்தார்கள். கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள் எல்லாம் வாரம் முழுக்க உழைத்தும் வாடகை போக மிச்சம் இல்லாமல் சூப்புக்கும் ரொட்டிக்கும் கைநீட்ட வேண்டியிருந்தது.

அந்த நகரம் அப்போது ஏழை நகரமாகவும் காட்சி தரவில்லை. துறைமுகக் கரையைப் புதுப்பிக்க அரசுப் பணம் கொட்டப்பட்டிருந்தது. 1980-ல் ஹார்பர்பிளேஸ் கடைவளாகம், 1992-ல் புதிய பேஸ்பால் மைதானம் என்று சுற்றுலாக்காரர்கள் குவிந்தார்கள். ஆனால், நகராட்சி தன் வேலைகளை ஒப்பந்ததாரர்களிடம் விட்டது. அவர்கள் கொடுத்த கூலி, மணிக்கு 4.25 டாலர் என்ற தேசியக் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருந்தது. அதாவது, நகராட்சி குறைத்துக் கொடுத்த கூலியின் மீதியைத் தேவாலயச் சமையல்கூடம் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட போதகர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கருப்பின மக்களின் தேவாலயங்கள் பெரும்பான்மையாக இருந்த ‘பில்ட்’ என்ற கூட்டமைப்பு 1977 முதல் அங்கே இயங்கி வந்தது. சிகாகோவில் சால் அலின்ஸ்கி 1940-ல் தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன்’ அமைப்போடு இணைந்தது அது. அரசு ஊழியர் சங்கம் ஒன்றும் கைகோத்தது. நகராட்சி ஒப்பந்த வேலை செய்கிறவர்களுக்கு வாழத்தக்க ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. 1994 டிசம்பரில் மேயர் கர்ட் ஷ்மோக் காலத்தில் சட்டம் வந்தது. முதலில் மணிக்கு 6.10 டாலர், பிறகு படிப்படியாக 7.70. 2009-ல் உயர்த்தப்பட்ட தேசியக் குறைந்தபட்ச ஊதியமே 7.25 டாலர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தத் தேவாலயங்கள் எவ்வளவு முன்னே ஓடின என்பது விளங்கும்.

இவ்வகை அமைப்புகள் நடத்தும் பொதுக்கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மேடையில் தேர்தல் வேட்பாளரோ மேயரோ இருப்பார். ஆனால், மைக் அவர் கையில் இருக்காது. போதகர், இமாம், யூத ரப்பி என யாராவது பிரார்த்தனையோடு தொடங்குவார்கள். அடுத்து வருகைப்பதிவு. ஒவ்வொரு சபையும், பள்ளிவாசலும், பள்ளிக்கூடமும் எழுந்து, எத்தனை பேரை அழைத்து வந்திருக்கிறோம் என்று உரக்கச் சொல்லும். மேடையில் இருப்பவருக்கு அந்த எண்ணிக்கையின் பொருள் நன்றாகவே புரியும். பிறகு ஒரு துப்புரவுத் தொழிலாளி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், தன் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் சொல்வார். அதன் பிறகுதான் கேள்வி: “இதைச் செய்வீர்களா?” கேள்வி என்னவென்று மேடையில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவார்கள், அவரை மடக்குவது நோக்கம் இல்லை. ஆனால், ஆம் அல்லது இல்லை என்று ஆயிரம் பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். நேரம் முடிந்தால் மணியடித்துவிடும், யாராக இருந்தாலும்.

அந்த ஒரு மாலைக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. சபைக்கு வருபவர்களோடு தனித்தனியாக உட்கார்ந்து, “உங்களுக்கு இந்த ஊரில் எது பொறுக்க முடியவில்லை?” என்று கேட்கும் வேலை அது. தொழிலாளிக்காக வேறொருவர் பேசுவதை இவர்கள் ஏற்பதில்லை. மேடை ஏறிப் பழக்கமே இல்லாத ஒருவரை உட்காரவைத்து, தன் கதையைத் தானே சொல்லப் பயிற்சி கொடுப்பார்கள். வாராவாரம் ஒரே கூரையின் கீழ் கூடுகிற, ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போய் நிற்கிற மக்களிடம் இது சாத்தியமாகிறது. என்னைக் கேட்டால், வறுமைக்கு எதிராக வழிபாட்டுத் தலங்களிடம் இருக்கும் பெரிய சொத்து உண்டியல் இல்லை, இந்தப் பழக்கம்தான்.

இதே பாதையில் 1996-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ‘டெல்கோ’ என்ற கூட்டமைப்பு உருவானது. கத்தோலிக்கப் பங்குகளும் கிழக்கு லண்டன் பள்ளிவாசலும் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. 2001-ல் வாழத்தக்க ஊதியப் பிரசாரம் தொடங்கியது. கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்களை இரவில் துடைப்பவர்கள் டெல்கோவின் சபைகளிலேயே இருந்தார்கள். 2003-ல் ஹெச்.எஸ்.பி.சி. வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், தலைவர் ஜான் பாண்டின் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் பணியாளரே எழுந்து நின்று தன் கூலியைப் பற்றிப் பேசினார். 2005-ல் மேயர் கென் லிவிங்ஸ்டன் நிர்வாகம் லண்டனுக்கான வாழத்தக்க ஊதியத்தை 6.70 பவுண்ட் என்று கணக்கிட்டு அறிவித்தது. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் அப்போது 5 பவுண்டை ஒட்டியே இருந்தது.

குறைகளும் உண்டு. பால்டிமோர் சட்டம் நகராட்சி ஒப்பந்தப் பணியாளர்களை மட்டுமே காத்தது; பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கு அதில் பங்கில்லை. லண்டன் தொகையைக் கொடுப்பது முதலாளிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. சட்டம் வந்தாலும் ஒப்பந்ததாரர் சரியாகக் கொடுக்கிறாரா என்று யாராவது சம்பளச் சீட்டைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் இந்த அமைப்புகள் பொதுக்கூட்டம் முடிந்த கையோடு, நாற்காலிகளை மடிப்பதற்கு முன்பே, சின்னதாக ஒரு கூட்டம் போடுகின்றன. எந்தச் சபை சொன்ன எண்ணிக்கையில் ஆள் கொண்டுவரவில்லை, யார் பேச்சு நீண்டது, கிடைத்த வாக்குறுதியை யார், எந்தத் தேதிக்குள் போய் விசாரிப்பது என்றெல்லாம் பேசி, பொறுப்பைப் பிரித்துக்கொண்டுதான் கலைகிறார்கள்.